சுடுமண் பொம்மை ஏன் வெடித்தது, ஏன் வெள்ளை பூத்தது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

குதிரை, யானை, சுவரில் மாட்டும் முகம், விளக்குத் தூண் என்று சுடுமண்ணில் அலங்கார வேலை செய்து பார்க்கிறவர்களுக்கும், அவற்றை வாங்கிக்கொண்டு போய்க் கூடத்திலோ தோட்டத்திலோ வைத்திருப்பவர்களுக்கும் இது. மானாமதுரை, வில்லியனூர், புதுக்கோட்டைப் பக்கத்து வேளார் (மண்பாண்டம் செய்யும் குயவர்) பட்டறைகள் என எங்கே கற்றிருந்தாலும் வருகிற கோளாறுகள் ஏழெட்டுதான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

முழுவதையும் படிக்க வேண்டாம். உங்கள் பொம்மையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், மண்ணையே மாற்றவேண்டிய காரணம் கடைசியில் இருக்கும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். மண் சரியில்லை என்று முதலிலேயே முடிவுகட்டி, ஒரு டிராக்டர் மண்ணைக் கொட்டிவிட்டு, அதே விரிசலை மறுபடி பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. பழி எப்போதும் சூளை மேல்தான் விழும். ஆனால் சூளையில் வெளிப்படுகிற பிழைகளில் பெரும்பங்கு, நிழலில் காயப்போட்ட நாட்களிலேயே உண்டானவை. வெளியேற வேண்டிய தண்ணீர் உள்ளேயே நின்றிருக்கும், அல்லது ஒரு பக்கமாக அவசரப்பட்டுப் போயிருக்கும். சுட்ட பிறகு வருபவற்றிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான் காரணம். அதனால் பெரும்பாலான தலைப்புகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தைத்தான்.

இங்கே சொல்வதெல்லாம் மெருகு பூசாத சுடுமண்ணுக்கு, அதாவது சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சுடும் செம்மண் நிற வேலைகளுக்கு. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பீங்கான் பூச்சு வேலைகளின் கோளாறுகள் வேறு.

## 1. சுடுவதற்கு முன்பே விரிசல்

விரிசல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காரணத்தை அந்த இடமே சொல்லிவிடும்.

### ஒட்டின இடத்தில் மட்டும் (காது, வால், கால், கழுத்து)

உடம்பு ஒரு பதத்திலும் காது வேறொரு பதத்திலும் இருந்தபோது ஒட்டியிருக்கிறீர்கள். ஈரமான துண்டு அதிகம் சுருங்கும், காய்ந்த துண்டு சுருங்காது. நடுவில் ஒட்டு விடும். இரண்டையும் ஒரே பதத்தில், அதாவது நகம் பதியும், விரல் பதியாது என்கிற பதத்தில் ஒட்ட வேண்டும். இரு பக்கமும் முள்ளாலோ பழைய முட்கரண்டியாலோ கீறி, அதே மண்ணில் கரைத்த கெட்டிக் குழம்பைத் தடவி, அழுத்தித் திருகி ஒட்டுங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டுவது போதாது.

ஏற்கெனவே விட்டுவிட்டதா? பதம் இன்னும் இருந்தால் விரிசலை நன்றாகத் திறந்து கீறிவிட்டுக் குழம்பை அடைத்து, ஒட்டின இடத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மெதுவாகக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டது, ஆனால் காது மாதிரிச் சின்ன இடம்தான் என்றால், குழம்பைத் தண்ணீருக்குப் பதில் வினிகரில் கரைத்து, ஊறவைத்து மசித்த டிஷ்யூ காகிதத்தைக் கொஞ்சம் சேர்த்து அடைக்கலாம். காகித நார் பிடித்துக்கொள்ளும், சூளையில் எரிந்துவிடும்.

எடை தாங்கும் காலிலோ கழுத்திலோ விரிசல் என்றால் ஒட்டுப்போட வேண்டாம். சுடாத மண்ணில் நஷ்டமே கிடையாது. தொட்டியில் போட்டு ஊறவைத்தால் மறுபடி களிமண்தான்.

### விளிம்பில் தொடங்கி உள்ளே ஓடுகிறது

விளிம்பு முதலில் காய்ந்திருக்கிறது. மின்விசிறி, ஜன்னல், ஆடிக் காற்று, நேர் வெயில் இவற்றில் ஒன்று அந்தப் பக்கம் பட்டிருக்கும். பொம்மை எந்தத் திசையைப் பார்த்து நின்றது, விரிசல் எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். விளிம்பு, காது நுனி, வால் நுனி எல்லாவற்றிலும் ஈரத்துணியையோ பிளாஸ்டிக் தாளையோ சுற்றி, தடித்த பாகத்தை மட்டும் திறந்துவிடுங்கள். தினம் ஒருமுறை திருப்பி வையுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

### அடிப்பாகத்தில் வளைந்த கோடு

சக்கரத்தில் வனைந்த விளக்கு, பூச்சாடி இவற்றின் அடியில் வரும். அடிமண்ணை அழுத்திக் கெட்டிப்படுத்தாமல் விட்டிருப்பீர்கள், அல்லது வனையும்போது உள்ளே தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்திருக்க மாட்டீர்கள். அடுத்ததில் இரண்டையும் செய்யுங்கள். வந்த விரிசலை அடைத்துப் பயனில்லை, சூளையில் திறந்துகொள்ளும்.

### உடம்பெல்லாம் வலை மாதிரி

காற்று, வெயில் எல்லாம் சரியாக இருந்தும் எங்கு பார்த்தாலும் விரிசல் என்றால் மண்ணுக்குக் கொழுப்பு அதிகம், அதாவது பசை கூடி, காயும்போது மிகவும் சுருங்குகிற மண். சோதிக்க எளிய வழி உண்டு. கட்டைவிரல் கனத்தில் ஒரு பட்டை தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. கோடு கிழித்து, நிழலில் முழுக்கக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 9.4 முதல் 9.2 வரை இருந்தால் கைவேலைக்குப் போதும். 9.0 அல்லது அதற்கும் கீழே என்றால் மண்ணில் ஏதாவது கலந்தே ஆக வேண்டும்.

எதைக் கலப்பது? இடித்துச் சலித்த பழைய ஓட்டுத் தூள்தான் என் முதல் தேர்வு. உடைந்த பானை, வெடித்த பொம்மை எல்லாம் அதற்கு ஆகும். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கில் தொடங்கி, தேவையானால் மூன்று பங்கு வரை போகலாம். மணலும் சேர்க்கலாம், ஆனால் கடற்கரைப் பக்கத்து மணல் வேண்டாம். ஏன் என்று ஆறாவது தலைப்பில் வருகிறது. பெரிய புரவிகளுக்கு வேளார்கள் மணலோடு உமியும் கலப்பது வழக்கம். உமி மண்ணைப் பிடித்து நிறுத்தும், சூளையில் எரிந்து போய் ஆவி வெளியேற வழியும் விடும். ஓட்டையோ மணலையோ உலர்ந்த நிலையில் இடித்துச் சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கலந்தும் சுருக்கம் குறையாவிட்டால் மண்ணை மாற்றுவதுதான் மிச்சம். மானாமதுரையில் பல கண்மாய்களின் மண்ணைக் கலந்துதான் வேலை செய்கிறார்கள். ஒரே குழி மண்ணில் எல்லாக் குணமும் அமைவது அபூர்வம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர் மண்பாண்டத்துக்கே கலவை தேவைப்படுகிறது என்றால் உங்கள் ஊர் மண்ணைக் குறைசொல்லிப் பயனில்லை. நீங்களாக மண்வெட்டியோடு கண்மாயில் இறங்காதீர்கள். மண்பாண்டத் தொழிலாளர்கள் தாசில்தாரிடம் அனுமதி வாங்கி எடுக்கும் முறை இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் பிசைந்த மண்ணாகவே வாங்கிக்கொள்வது சின்ன வேலைக்கு மலிவு.

## 2. காய்ந்ததும் சாய்ந்து நிற்கிறது, கால் அகன்றுவிட்டது

கால்கள் கெட்டிப்படுவதற்குள் உடம்பை ஏற்றியதுதான் பத்தில் ஒன்பது முறை காரணம். நான்கு குழாய்க் கால்களை முதலில் நிறுத்தி, அவை எடை தாங்கும் பதத்துக்கு வந்த பிறகே வயிற்றை ஏற்ற வேண்டும். ஒரே நாளில் முடிக்க ஆசைப்பட்டால் குதிரை உட்கார்ந்துவிடும். வயிற்றுக்கடியில் செங்கல்லும் துணியும் முட்டுக்கொடுத்து, மண் சுருங்கச் சுருங்க முட்டைத் தளர்த்துங்கள்; தளர்த்த மறந்தால் முட்டே விரிசலை உண்டாக்கும். காய்ந்துவிட்ட சாய்வை நிமிர்த்த முடியாது.

## 3. சூளையில் வெடித்தது

சூளையைப் பிரித்ததும் துண்டுகளைக் கூட்டிப் பெருக்கி எறிந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் எடுத்து ஒரு சாக்கில் பரப்புங்கள். சில்லுகளாகச் சிதறியிருக்கிறதா, ஒரே நீளக் கோடாகப் பிளந்திருக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

### சில்லுகளாக, குழி விழுந்து சிதறியிருக்கிறது

இது ஆவி. தீ மூட்டிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 'டப்' என்று சத்தம் கேட்டிருக்கும்.

முதல் காரணம், காயவில்லை. வெளியே வெளுத்துக் காய்ந்து தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. இதைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். அடுத்தடுத்து எடை குறையாமல் நின்றால்தான் காய்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை வாரம் வைத்தாலும் எடை ஓரளவுக்குக் கீழே இறங்காது, காற்றில் இருக்கும் ஈரம் விடாது. அந்த மாதங்களில் சூளைக்கு முன் ஒரு நாள் அடுப்பங்கரைச் சூட்டிலோ, அணைந்த சூளையின் மேலோ வைத்து எடுப்பதுதான் வழி.

இரண்டாவது, காற்றுப் போக வழியில்லை. உள்ளே பொள்ளலாக (வெற்றிடமாக) செய்து, எங்கும் ஓட்டை விடாமல் மூடிவிட்டிருப்பீர்கள். காற்றுக் குமிழி இருந்தாலே வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். வெடிக்க வைப்பது வெறும் காற்றைவிட, மூடிய பொள்ளலைச் சுற்றிலும் தங்கும் ஈரம்தான். குதிரையின் வயிற்றடியில் ஒரு துளை, தலை தனிப் பொள்ளல் என்றால் வாய் வழியாக ஒரு துளை, சுவர் முகத்துக்குப் பின்பக்கம் திறப்பு. ஊசித் துளை போதாது, பென்சில் நுழையும் அளவாவது வேண்டும்.

மூன்றாவது, கனம். ஒரு அங்குலத்துக்கு மேல் தடித்த இடம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கால் சேரும் இடம், தலையின் உட்புறம். சிதறிய துண்டுகளிலேயே அளந்து பாருங்கள், மிகத் தடித்த துண்டு இருக்கும் இடத்திலிருந்துதான் வெடிப்பு கிளம்பியிருக்கும். அடுத்ததில் உட்புறத்தைச் சுரண்டி மெலிதாக்குங்கள். சுவர் முழுக்க ஒரே கனமாக இருப்பது, மெல்லியதாக இருப்பதைவிட முக்கியம்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் வெடித்தால்தான் தீயைச் சந்தேகப்பட வேண்டும். நாட்டுச் சூளையில் ஆரம்பத் தீ மூட்டமாக இருக்கட்டும். வெளிவரும் புகை வெள்ளையாக, கனமாக, கையில் ஈரம் படுகிற மாதிரி இருக்கும்வரை விறகைக் கூட்டக் கூடாது. மின் சூளை வைத்திருப்பவர்கள் 80 – 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்துங்கள், தடித்த வேலை என்றால் இரவு முழுக்க. மேல் துளைக்கருகில் ஒரு கண்ணாடியைக் காட்டினால் ஆவி படிகிறதா என்று தெரியும். படியாத பிறகு மணிக்கு 100 டிகிரிக்கு மேல் போகாமல் 600 வரை ஏற்றுங்கள். அதற்கப்புறம் வேகம் கூட்டலாம்.

### சில்லு இல்லை, ஒரே நீளக் கோடு

கோட்டின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வாய் பிளந்து, ஓரம் மழுங்கியிருந்தால் அது பழைய விரிசல். காயும்போதே மயிரிழையாக இருந்தது, சூட்டில் அகன்றது. முதல் தலைப்புக்குத் திரும்புங்கள். ஓரம் கத்தி மாதிரிக் கூர்மையாக, இரு பக்கமும் அப்படியே பொருந்துகிற மாதிரி இருந்தால் ஆறும்போது விழுந்தது. சூளையைச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள்.

மண்ணிலும் மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமம் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். ஆறும்போது அந்த இடத்தைக் கடக்கையில் ஒரு பக்கம் குளிர்காற்று பட்டால் கோடு விழும். மணல் அதிகம் சேர்த்த மண்ணில் இது கூடுதல். மழைத்துளி பட்டாலும் இதேதான். வைத்தியம் பொறுமை ஒன்றுதான். உள்ளே கை வைக்க முடிகிற சூடு வரும்வரை மூடியைப் பிரிக்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: எடை பார்த்து, துளை விட்டு, மெதுவாகச் சுட்டும் ஒவ்வொரு தடவையும் சூளையின் ஒரே மூலையில் இருப்பவை மட்டும் வெடிக்கின்றன என்றால், அடுக்கும் முறையிலோ தீ போகும் வழியிலோ குறை. சூளை கட்டித் தெரிந்த வேளார் ஒருவரை அழைத்து, அடுக்கும்போதே பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். சுட்ட பிறகு வந்து பார்த்தால் அவராலும் சொல்ல முடியாது. மின் சூளையின் கம்பிச்சுருளிலோ சூட்டுமானியிலோ சந்தேகம் என்றால் அதைத் தெரிந்த மெக்கானிக்தான் திறக்க வேண்டும்.

## 4. நிறம் சரியில்லை

வெளியே கறுப்புத் திட்டு. வரட்டியோ விறகோ ஒட்டி நின்ற இடம், அல்லது காற்றுப் புகாத மூலை. இது கோளாறே இல்லை என்பது என் கட்சி. நாட்டுச் சூளையின் கையெழுத்து அது. வேண்டாம் என்றால் அடுத்த சூளையில் காற்றுப் புழங்கும் இடத்தில் வைத்து மறுபடி சுட்டால் சிவந்துவிடும்.

உடைந்த துண்டின் நடுவில் கறுப்பு, இருபக்கமும் சிவப்பு. மண்ணில் இருந்த இலைதழையும் உமியும் முழுக்க எரியவில்லை. தடித்த சுவர், வேகமான தீ. தட்டினால் கணீரென்று கேட்கிறதா? அப்படியானால் வீட்டுக்குள் வைக்கும் பொம்மைக்குக் கவலை வேண்டாம்.

வெளிறிய ஆரஞ்சு, தொட்டால் கையில் தூள். வேகவில்லை. விரல்முட்டியால் தட்டுங்கள், 'டொப்' என்றால் வேகாதது, 'டங்' என்றால் வெந்தது. ஆனால் விரிசல் விட்ட துண்டும் 'டொப்' என்றுதான் கேட்கும், அதனால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒரு சின்னத் துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் விரலால் தேயுங்கள். குழைந்தால் மறுபடி சுட வேண்டும். சுடலாம், தாராளமாக. தண்ணீரில் நனைத்ததைக் காயவைக்காமல் சூளையில் வைத்தால் மட்டும் மூன்றாம் தலைப்புக்குப் போக நேரும்.

நன்றாக வெந்தும் மஞ்சள் தட்டுகிறது. மண்ணில் சுண்ணாம்பு அதிகம், அது சிவப்பை வெளுத்துவிடும். செங்காவிக் குழம்பை மெல்லிய பூச்சாகப் பூசிச் சுடலாம். ஆனால் அடுத்த தலைப்பையும் படித்துவிடுங்கள், ஏனென்றால் இதே மண்தான் அங்கேயும் குற்றவாளி.

## 5. சுட்டுப் பல நாள் கழித்துப் பொரிந்து விழுகிறது

சூளையிலிருந்து அழகாக வந்தது. ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து, காசு அளவுக்குச் சில்லுகள் தானாகத் தெறிக்கின்றன. விற்றுப் பணம் வாங்கிய பிறகு வருவதால், செய்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூட்டுகிற கோளாறு இதுதான்.

குழியின் அடியைப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் துணுக்கு, அல்லது நத்தை ஓட்டுத் துண்டு. கண்மாய் வண்டலில் நத்தை ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. பிறகு காற்றின் ஈரத்தை மெல்லக் குடித்து, ஊதிப் பெருத்து, மேல் ஓட்டைத் தள்ளிவிடுகிறது. புள்ளி இல்லாமல், பொம்மையின் அடிப்பகுதி மட்டும் தகடு தகடாக உரிந்தால் அது உப்பு; ஆறாம் தலைப்பு.

அந்தச் சூளையில் மிச்சம் இருப்பவற்றை இன்னும் ஓரளவு காப்பாற்றலாம். சுண்ணாம்பு காற்றில் மெல்ல ஊதும்போதுதான் அதிகம் தெறிக்கும். வெந்து வந்ததும், கையில் பிடிக்கும் சூடு இருக்கும்போதே தண்ணீரில் முழுக்க மூழ்கடித்து இரவெல்லாம் விட்டால், சிறு துணுக்குகள் அப்போதே நீர்த்து அடங்கிவிடும். செங்கல் சூளைக்காரர்களும் இதைச் செய்வதுண்டு. மிளகு அளவுத் துணுக்கு இருந்தால் இது பலிக்காது.

அடுத்த மண்ணுக்கு முன்னால், ஒரு கைப்பிடி மண்ணைக் கரைத்துச் சலித்து, சல்லடையில் நின்றதன் மேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. மண்ணைத் தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்து, கொசுவலையை இரண்டு மூன்று மடிப்பாக்கி வடிகட்டினாலே பெரும்பகுதி போய்விடும். வடிகட்டியும் சலித்தும் தெறிக்கிறதென்றால் மண்ணை மாற்றத்தான் வேண்டும். பூசியோ ஒட்டியோ மறைத்து விற்காதீர்கள். பூச்சோடு சேர்த்துத் தெறிக்கும்.

## 6. வெள்ளை பூக்கிறது

தோட்டத்துக் குதிரையின் காலில், பூச்சாடியின் இடுப்பில், சில சமயம் சூளையிலிருந்து வந்த நாளிலேயே. மூன்று விதமான வெள்ளை இருக்கிறது. முதலில் எது என்று பிரியுங்கள்.

உலர்ந்த பிரஷால் தேய்த்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்து மறைந்தால் கரையும் உப்பு. தண்ணீரில் கரையாமல் வினிகரில் நுரைத்தால் சுண்ணாம்பு. சிமென்ட் மேடையிலிருந்தோ கடின நீரிலிருந்தோ வந்தது. இரண்டும் இல்லாமல் பஞ்சு மாதிரி மென்மையாக, ஓரத்தில் பச்சையோ கறுப்போ கலந்திருந்தால் பூஞ்சை. பூஞ்சைக்கு வெயிலும் பிரஷும் போதும்.

உப்பு என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் துடைப்பது வீண், திரும்ப வரும். அடியிலிருந்து மேலே ஏறுகிறதா? பொம்மை மண்ணிலோ சிமென்ட்டிலோ நேராக நிற்கிறது. திரி எண்ணெயை இழுக்கிற மாதிரிச் சுடுமண் தரையின் ஈரத்தை இழுத்து மேலே கொண்டுபோகும்; தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் நிற்கும். அடியில் ஒரு கிரானைட் துண்டையோ தடித்த பிளாஸ்டிக் தாளையோ போடுங்கள். இவ்வளவுதான். நிறையப் பேருக்கு இத்தோடு தீர்ந்துவிடுகிறது.

பூச்சாடியின் வெளிச்சுவர் முழுக்கப் பூத்தால் உரமும் போர்வெல் தண்ணீரும் காரணம். செடியை உள்ளே வேறு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துச் சாடிக்குள் இறக்குங்கள்.

புதிதாக, எங்கும் வைக்காமலே பூத்தால் மண்ணிலோ கலந்த மணலிலோ பிசைந்த தண்ணீரிலோ உப்பு. கடலோர ஊர்களில் இது அன்றாடப் பிரச்சினை. மண்ணை மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். ஒரே மண், ஒன்று போர்வெல் தண்ணீரில், ஒன்று மழைத் தண்ணீரில், இரண்டு பட்டைகள் தட்டிச் சுட்டால் விடை கிடைத்துவிடும்.

ஏற்கெனவே இருக்கும் உப்பை எடுக்க, முதலில் உலர்ந்த பிரஷால் தேய்த்து, வெளியே தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பிறகு மழைத் தண்ணீரிலோ உப்பில்லாத தண்ணீரிலோ மூழ்க வைத்து, தினம் தண்ணீரை மாற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, நிழலில் காயவையுங்கள். வண்ணம் தீட்டியது, வேகாதது, பழையது ஆகியவற்றை ஊறவைக்கக் கூடாது.

பூத்த மேலேயே வார்னிஷ் அடித்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். உப்பு அடியிலேயே படிகமாகி, வார்னிஷோடு மண்ணின் மேல்தோலையும் சேர்த்துத் தள்ளும். வெள்ளையோடு நின்ற பொம்மை அதற்கப்புறம் உருவமில்லாமல் போகும்.

## 7. பெயின்ட் உரிகிறது

உரிந்த துணுக்கு ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை போதும்.

பின்னால் வெள்ளைத் தூள் என்றால் உப்பு, மேலே சொன்னதைச் செய்யுங்கள். சிவப்பு மண் ஒட்டியிருந்தால் பெயின்ட்டின் குற்றம் இல்லை, ஓடு வேகவில்லை; அதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. பின்பக்கம் சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் தூசி மேலோ எண்ணெய்ப் பிசுக்கு மேலோ அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் ஈரம் என்றால் அடித்தது எனாமல்; ஏன் என்று கீழே.

தோட்டத்துப் பொம்மைக்கு எனாமல் அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் எனாமலைக் கொப்புளமாக ஊதிவிடும். பழைய முறையில் பூசும் சுண்ணாம்பும் காவியும் மங்கும், ஆனால் உரியாது. அடுத்த வருடம் மேலேயே பூசிக்கொள்ளலாம். பளிச்சென்று வேண்டும் என்றால் வெளிச்சுவருக்கு அடிக்கும் தண்ணீர் எமல்ஷன், நீர் கலந்த முதல் பூச்சும் திடமான இரண்டாம் பூச்சும். பூசும் முன் ஒரு பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும்.

## 8. உடைந்துவிட்டது

காது, வால், மணி மாதிரி எடை தாங்காத துண்டு என்றால் நீங்களே ஒட்டலாம். இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்ஸி பசைதான் சரி. சொட்டுப் பசை சுடுமண்ணில் உறிஞ்சப்பட்டுவிடும். மரம் ஒட்டும் வெள்ளைப் பசை மழைக்கு நிற்காது. சிமென்ட் உப்பைக் கொண்டுவரும். உடைந்த முகங்களை உலர்ந்த பிரஷால் சுத்தம் செய்து, பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, மெல்லிதாகத் தடவி ஒட்டுங்கள். பிடித்துக்கொண்டு நிற்க முடியாத கோணம் என்றால் ஒரு வாளி மணலில் பொம்மையைப் புதைத்து, ஒட்டின துண்டு தன் எடையிலேயே உட்காரும்படி சாய்த்து வையுங்கள். பசை இறுகுவதற்குள் அதே நிற ஓட்டுத் தூளைத் தூவி அழுத்தினால் ஒட்டு கண்ணில் படாது.

எடை தாங்கும் கால் உடைந்தால் பசை மட்டும் போதாது. உள்ளே துருப்பிடிக்காத கம்பி இறக்கி நிறுத்த வேண்டும், அதற்குத் துளை போடும்போது மிச்சக் காலும் போகும் அபாயம் உண்டு. இரண்டடிக்கு மேற்பட்ட எதற்கும் பட்டறை ஆளைக் கூப்பிடுங்கள். பல சமயம் அவரே, புதுக் கால் செய்து சுட்டுப் பொருத்துவதைவிடப் புதுக் குதிரை மலிவு என்பார். அது உண்மைதான்.

ஊர் ஐயனார் கோயிலில் நிற்கும் புரவி உடைந்திருக்கிறது, சரிசெய்யலாமா என்றும் கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது அலங்காரப் பொருள் இல்லை. பிடிமண் கொடுத்து (செய்யச் சொல்லும் அடையாளமாக வேளாரிடம் ஒரு பிடி மண்ணைக் கொடுத்து), வேளார் செய்து, ஊர்கூடி ஊர்வலமாகப் புரவி எடுத்து வைத்தது. புதுக்கோட்டை அருகே நமணசமுத்திரம் மாதிரி இடங்களில் பழைய குதிரைகள் சிதைந்து மண்ணாவதும், புதியவை வந்து சேர்வதும் வழக்கத்தின் பகுதியே. கோயில் பொறுப்பாளர்களையும் அந்தப் புரவியைச் செய்யும் உரிமையுள்ள வேளார் குடும்பத்தையும் கேட்காமல் பசையோ பெயின்ட்டோ எடுத்துப் போகாதீர்கள்.

கிணறு வெட்டும்போதோ வயலிலோ கிடைத்த பழைய சுடுமண் உருவம் என்றால் கழுவக்கூட வேண்டாம். மேலே படிந்திருக்கும் மண்ணிலும் தகவல் உண்டு. கிடைத்த இடத்தைப் படம் எடுத்து, நிழலில் ஒரு காய்ந்த துணியில் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். இந்த மாதிரிப் பொருட்களைக் கையாள்வதற்கென்றே சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது.